விளையாட்டை முதலில் எழுதுங்கள்: கோலாலம்பூர்ப் பெற்றோருக்கான வகுப்பு அட்டவணை வழிகாட்டி

பள்ளியாண்டு தொடங்கும் வாரத்தில் கோலாலம்பூரின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வேலைதான் நடக்கிறது. எந்தக் கிழமையில் எந்த வகுப்பு என்று பிள்ளைக்கு அட்டவணை போடுகிறார்கள். திங்கள் கணிதம், செவ்வாய் மலாய்மொழி, புதன் பரதம், வியாழன் அபாகஸ், வெள்ளி ஆங்கிலம், சனி நீச்சலும் மாண்டரினும், ஞாயிறு தேவார வகுப்பு என்று கட்டங்கள் நிரம்பிய பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தால் பிள்ளை அதில் விளையாடிக்கொள்ளலாம் என்பதே நடைமுறையாக இருக்கிறது. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் ஒரே வேண்டுகோள். உறக்கத்தையும் விளையாட்டையும் முதலில் எழுதிவிடுங்கள். எஞ்சிய கட்டங்களுக்கு வகுப்புகள் போட்டியிடட்டும்.

வகுப்புகளை நாடும் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது நியாயமாகாது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டப் போவதற்காகப் பள்ளியைப் பாதியில் விட்ட தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் வீடுகளில் பலர். படிப்பைத் தவிர நமக்கு வேறு பிடிமானம் இல்லை என்ற நினைப்பு அந்தத் தலைமுறையிடமிருந்து வந்தது, அதில் உண்மையும் இருந்தது. அதோடு, 1988இல் அறிமுகமாகி 2021இல் அகற்றப்பட்ட, ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு ஒரு தலைமுறைப் பெற்றோரின் பழக்கவழக்கங்களையே வடிவமைத்துவிட்டது. தமிழ்ப்பள்ளியில் எட்டு ஏ எடுத்த பிள்ளையின் படம் நாளிதழில் வரும். அந்த எட்டு ஏ-க்காக நான்காம் ஆண்டிலேயே பிரத்தியேக வகுப்புகள் தொடங்கிவிடும். யூபிஎஸ்ஆர் போய், 2022இல் மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வும் அகற்றப்பட்டது. ஆயினும் டியூஷன் நிலையங்களின் வாசலில் நிற்கும் கார்களின் வரிசை குறைந்ததாகத் தெரியவில்லை. தேர்வு இருந்தபோது எவ்வளவு படித்தால் போதும் என்பதற்கு ஓர் அளவாவது இருந்தது. அது போனபின், எது போதும் என்று தெரியாத கலக்கத்திலேயே பல பெற்றோர் இன்னும் ஒரு வகுப்பைச் சேர்த்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் சேர்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். பொதுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு மதிப்பெண் உண்டு என்பதைக் கேள்விப்பட்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கே கோப்பு தயாரிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் போன்ற, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளின் காலத்துப் பங்கேற்பைச் சார்ந்தது. எட்டு வயதில் வாங்கிய அபாகஸ் சான்றிதழ் அங்கே எண்ணப்படாது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஒரு வகுப்பில் சேர்த்திருந்தால் அதை இன்றே மறுபரிசீலனை செய்யலாம்.

முதலில் மணிக்கணக்கு

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பிள்ளையின் சாதாரணமான ஒரு வேலை நாளை எழுதிப் பாருங்கள். காலைப் பள்ளி ஏழரை மணியளவில் தொடங்குகிறது என்றால், பள்ளி வேன் ஆறரைக்கு வாசலில் நிற்கும். பிள்ளை ஐந்தே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. குறைந்த அளவான ஒன்பது மணியையே எடுத்துக்கொண்டாலும் இரவு எட்டே முக்காலுக்குப் பிள்ளை உறங்கியிருக்க வேண்டும். படுக்கப்போகும் நேரத்தைச் சொல்லவில்லை, கண் மூடி உறங்கிவிட்ட நேரத்தைச் சொல்கிறேன். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் எட்டே முக்காலுக்கு உறங்குகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தாலே சிக்கலின் பாதி தெரிந்துவிடும்.

பிற்பகல் ஒன்றரைக்குப் பிள்ளை வீடு வந்து சேர்ந்தால், எட்டே முக்கால் வரை கையில் இருப்பது ஏழேகால் மணி நேரம். சாப்பாடு, குளியல், சற்றுப் படுத்து எழுதல் என்று ஒன்றரை மணி போகும். வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாடு, சாமி கும்பிடுதல், மறுநாளுக்குப் பை அடுக்குதல், வீட்டாருடன் நாலு வார்த்தை பேசுதல் என்று இன்னொரு ஒன்றரை மணி. மீதி மூன்றேகால் மணி நேரம். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். அந்த ஒரு மணியையும் எடுத்து வைத்துவிட்டால் இரண்டேகால் மணி எஞ்சுகிறது. வகுப்புகளும், கதைப் புத்தகமும், தம்பியோடு போடும் சண்டையும், ஒன்றும் செய்யாமல் சன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பதும் அந்த இரண்டேகால் மணிக்குள்தான் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை மனத்தில் போடாமல் தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனக்கணக்கில் பிள்ளையின் மாலை எப்போதும் நீளமாகவே தோன்றும். தாளில் எழுதும்போதுதான், புதிதாகச் சேர்க்கும் வகுப்பு எதிலிருந்து பிடுங்கப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அநேகமாக அது உறக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்துமே பிடுங்கப்படுகிறது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறார் உரிமை ஒப்பந்தம் தன் 31ஆவது பிரிவில் கூறுகிறது. மலேசியா 1995இல் அந்த ஒப்பந்தத்தில் இணைந்தது. பிள்ளை சமர்த்தாக இருந்தால் கிடைக்கும் பரிசு என்று விளையாட்டை நடத்தும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவேனும் கைவிட வேண்டும்.

ஒரு மணி நேர வகுப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது

செத்தாப்பாக்கில் வசிக்கும், நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமிக்குப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் பரத வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாற்பதுக்கு அவளை எழுப்பி, முகம் கழுவவைத்து, தலை வாரிக் கொண்டை போட்டு, நடனச் சேலையைக் கட்டிவிட வேண்டும். நாலு பத்துக்குக் காரை எடுத்தால்தான், வழியில் நெரிசல் இருந்தாலும், வண்டி நிறுத்த இடம் தேடிவிட்டு ஐந்துக்குள் உள்ளே போக முடியும். ஆறு மணிக்கு வகுப்பு முடியும்போது அலுவலகங்களும் விட்டிருக்கும். பின் இருக்கையில் சலங்கைப் பை காலடியில் கிடக்க, ஒரு கையில் கறிப்பாப்பும் மறுகையில் பென்சிலுமாக, மடியில் வைத்த புத்தகத்தில் அவள் மலாய்மொழிப் பயிற்சியை எழுதிக்கொண்டு வருவாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் எழுத்து கோடு தாண்டும். வீடு சேரும்போது ஏழேகால். ஒரு மணி நேர வகுப்பு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. மேலே போட்ட கணக்கின்படி அவளிடம் இருந்ததே மூன்றேகால் மணிதான்.

பரதத்தின் மீது இங்கே குறை சொல்ல எதுவுமில்லை. புதன்கிழமை மாலைதான் தவறான இடம். அதே வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்ற முடிந்தால், அதே தூரம் பாதி நேரத்தில் கடந்துவிடும். பிள்ளையும் உறங்கி எழுந்த முகத்தோடு ஆடும். ஆகவே எந்த வகுப்பையும் மதிப்பிடும்போது, விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள். உடுத்தத் தொடங்கிய நிமிடத்திலிருந்து வீட்டில் செருப்பைக் கழற்றும் நிமிடம் வரை கணக்கிட்டு, அந்த வகுப்பு தரும் வீட்டுப் பயிற்சிக்கான நேரத்தையும் அதோடு கூட்டுங்கள். பியானோ வகுப்பு அரை மணி நேரம்தான். ஆனால் நாள்தோறும் இருபது நிமிடம் பயிற்சி செய்யாத பிள்ளைக்கு அந்த அரை மணி பயன்படாது. அபாகஸ் வகுப்பும் அப்படித்தான், கட்டுக்கட்டாகத் தாள் கொடுத்து அனுப்புவார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: வேலை நாள்களில் வெளியே போகும் வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், அவை இரண்டும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலோ பத்து நிமிடக் கார்த் தூரத்திலோ இருக்க வேண்டும், தூரத்து வகுப்பு வார இறுதிக்குப் போகட்டும், வார இறுதியிலும் ஒரு முழு நாள் வெறுமையாக இருக்கட்டும். சற்றுச் சுமாரான ஆசிரியர் அருகில் இருக்கிறார், மிகச் சிறந்த ஆசிரியர் மாநகரின் மறுகோடியில் இருக்கிறார் என்றால், பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அருகில் இருப்பவரே போதும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை தானே அந்தக் கலையில் மூழ்கத் தொடங்கும்போது தூரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில்

மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, பிற்பகல் ஒன்றரைக்குப் பிள்ளையை வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கும் பெற்றோர் பலர். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் எந்த அறிவுரையும் இந்நகரில் பயன்படாது. அம்மாவும் அப்பாவும் ஆறு, ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டிரான்சிட் நிலையத்தில் பள்ளி வேன் பிள்ளையை நேராக இறக்குகிறது. அங்கே சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், அதன்பின் ஏதாவது ஒரு வகுப்பு. பல குடும்பங்களில் டியூஷன் என்பது பாடத்துக்காக மட்டுமன்று, பாதுகாப்பான ஓர் இடத்தில் பிள்ளை இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த வகுப்பைப் பாடத்துக்காகச் சேர்த்தோம், எதைப் பாதுகாப்புக்காகச் சேர்த்தோம் என்று வீட்டுக்குள்ளாவது தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்காகச் சேர்த்த வகுப்பில் பிள்ளை பின்தங்கினால் அதற்காகத் திட்டுவது பெரிய அநியாயம்.

டிரான்சிட் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை பாடம் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். பிள்ளைகள் ஓடுவதற்கு முற்றமோ பக்கத்தில் பூங்காவோ இருக்கிறதா, அங்கே யார் துணைக்குப் போவார்கள், மழை நாளில் என்ன செய்வார்கள், கையில் தொலைபேசி கொடுத்து உட்கார வைப்பார்களா, வீட்டுப்பாடம் முடிந்த பிள்ளைக்கு மேலும் பயிற்சித் தாள் கொடுப்பார்களா, விளையாட விடுவார்களா என்று கேளுங்கள். ஐந்து மணிவாக்கில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளின் சத்தம் வாசல்வரை கேட்டால் அது நல்ல இடம். பல பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடத்துநர்கள் விளையாட்டு நேரத்தை ஒதுக்க இசைவார்கள். கட்டணம் கொடுக்கும் எல்லாருமே கூடுதல் பாடம்தான் கேட்கிறார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

தாத்தா பாட்டி கூட இருக்கும் வீடு கொடுத்து வைத்த வீடு. ஆனால் பேரப்பிள்ளையை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போவது முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு எளிதன்று என்பதை உணர வேண்டும். அடுக்குமாடியிலோ தாமான் குடியிருப்பிலோ நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாலையும் ஒரு பெரியவர் மட்டும் திடலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதிவிட்டால் இது நிலைத்துவிடும். வாரம் ஒரு மாலை சீக்கிரம் வீடு திரும்பக்கூடிய அப்பாக்களும் அந்த முறையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

எந்த வகுப்பு வேண்டும், எது வேண்டாம்

எல்லா வகுப்புகளையும் ஒரே தட்டில் வைத்து எண்ண முடியாது. நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டோமினியம்தோறும் குளமும், விடுமுறை என்றால் அருவியும் கடலுமாக இருக்கும் நாட்டில் அது உயிர்காக்கும் பயிற்சி. அதற்கு ஒரு முடிவும் உண்டு. நீந்தத் தெரிந்துவிட்டால் வகுப்பை நிறுத்திவிடலாம், அதன்பின் அதுவே விளையாட்டாகிவிடும். தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு வேண்டும். பள்ளியிலேயே தாய்மொழி வகுப்பு நடக்கிறதா என்று முதலில் விசாரித்து, இல்லாவிட்டால் வெளியே தேடுங்கள். இவ்விரண்டையும் நான் முதலிடத்தில் வைப்பேன்.

பரதம், வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், சிலம்பம் ஆகியவை வேறு வகை. இவற்றுக்கு முடிவு இல்லை, பல ஆண்டு உழைப்பு வேண்டும். ஆகவே ஒரு காலத்தில் ஒன்று போதும். 1981இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் நுண்கலைக் கோயில் (டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்) என்னும் கலை நிறுவனம் போன்ற இடங்கள் இந்நகரில் இருப்பது நம் பேறு. பிள்ளையை உடனே சேர்க்காமல், முதலில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். மேடையில் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடும் பிள்ளையைச் சேர்க்கலாம். தபேலா வாசித்தவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பரதத்தில் சேர்ப்பது பொருத்தமற்றது.

பாட டியூஷனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. பாலர்பள்ளிப் பிள்ளைக்கும் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அது வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டில் இன்னும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை என்றால், மேலும் ஒரு டியூஷனில் போடுவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். எழுத்துகளைப் பிரித்தறிவதில் சிரமம் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா உண்டா என்று தகுந்தவரிடம் காட்டுங்கள். காரணத்தை அறியாமல் நேரத்தை மட்டும் கூட்டினால் பிள்ளை தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கிவிடும். மற்றபடி ஒரு குறிப்பிட்ட பாடத்தில் பின்தங்கியிருந்தால், அந்தப் பாடத்துக்கு மட்டும், மூன்று மாதம் என்று காலக்கெடு வைத்துச் சேர்ப்பதே முறை. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துக் குறைந்த விலையில் தரும் பேக்கேஜ் மலிவாகத் தெரியும். ஆனால் பிள்ளைக்குத் தேவையில்லாத நான்கு பாடங்களுக்கு அதன் மாலைகளை விற்றுவிடுகிறோம்.

மலாய்மொழிக்காகத் தனியே டியூஷன் வைக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடும் சீனப் பிள்ளைகளோடும் நாள்தோறும் ஒரு மணி நேரம் பந்து விளையாடும் பிள்ளைக்கு மலாய் நாக்கில் பழகிவிடுகிறது. யார் ஆட்டமிழந்தார்கள் என்று வாதாடுவதற்கு மொழி வேண்டும், அந்த அவசரத்தில் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கட்டுரை எழுத ஆசிரியரின் துணை தேவைப்படலாம்; பேச்சுக்குத் திடலே போதும்.

பள்ளியின் புறப்பாட நடவடிக்கைகளையும் மறக்க வேண்டாம். சாரணியம், கழகங்கள், ஓட்டப் பயிற்சி, பூப்பந்து எல்லாம் அங்கேயே, அநேகமாகச் செலவில்லாமல், தெரிந்த நண்பர்களோடு நடக்கின்றன. தனியார் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிப் பயிற்சியிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது விந்தையான காட்சி.

விளையாட்டுக்கு இடமும் நேரமும்

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையே மறைகிறது. வெயில் தணியும் ஐந்தரையிலிருந்து இருட்டும்வரை கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் பிள்ளைகள் வெளியே ஓடுவதற்கு ஏற்றது. டியூஷன் நிலையங்களும் அதே நேரத்தைத்தான் கேட்கின்றன. முடிந்தவரை அந்த நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள். உட்கார்ந்து படிக்கும் வகுப்பு கட்டாயம் என்றால், வெயில் கொளுத்தும் மூன்று மணிக்கு வைக்கலாம்.

பிற்பகல் இடிமழை நமக்குப் புதிதன்று. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பல நாள் வெளியே போக முடியாது. இடிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே அழைத்து, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்தே வெளியே விடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளே வெளிப்புற நடவடிக்கையை நிறுத்திவிடுகின்றன, வீட்டிலும் அதையே பின்பற்றலாம். அந்த நாள்களுக்காகப் பல்லாங்குழி, கேரம், தாயம், ஐந்தாங்கல் ஆகியவற்றைக் கைக்கெட்டும் அலமாரியில் வையுங்கள்.

வார இறுதிக்கு இந்நகரில் செலவில்லாத இடங்கள் நிறைய உண்டு. இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பூங்காவில் பெரிய விளையாட்டுத் திடலும் சிறுவர் கால் நனைத்து விளையாடும் குளமும் இருக்கின்றன. தித்திவங்சா ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டலாம். கெப்போங் மாநகரப் பூங்காவில் மாலையில் வானம் நிறையப் பட்டம் பறக்கும். நூலும் பட்டமும் அங்கேயே வாங்கலாம். சிறு கட்டணம் கொடுத்தால் கெப்போங்கை ஒட்டிய ஃபிரிம் என்னும் வன ஆய்வுக் கழகத்தின் வனத்துக்குள் நடக்கலாம். ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தில் நூறாண்டுகளுக்கு முன் மரம் நடத் தொடங்கி உருவாக்கிய காடு அது, 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நகர மையத்தின் சில சாலைகள் வாகனமின்றி மூடப்படும்போது, நடுச்சாலையில் ரோலர் ஸ்கேட் ஓட்டும் மகிழ்ச்சியைப் பிள்ளைக்குக் காட்டலாம்.

ஆனால் இவையெல்லாம் வெளியூர்ப் பயணம் போல ஆகிவிடக்கூடாது. காரில் ஏற்றி, படம் எடுத்து, இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விரட்டலோடு போகும் பூங்காவும் இன்னொரு வகுப்புதான். விளையாட்டின் சாரம் அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிள்ளை தொடங்கி, பிள்ளை விதி வகுத்து, பிள்ளை நிறுத்தினால் அது விளையாட்டு. திடலுக்குப் போனபின் பெரியவர்கள் சற்று விலகி உட்காருங்கள். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் இரத்தம் வராதவரை எழுந்து போக வேண்டாம். பேசித் தீர்த்துக்கொள்ளும் பாடத்தை எந்த நிலையமும் நடத்துவதில்லை.

வகுப்பைக் குறைத்த முதல் வாரத்தில் பிள்ளை “போர் அடிக்குதும்மா” என்று சுற்றிச் சுற்றி வரும். இங்கேதான் பல பெற்றோர் தளர்ந்துபோய், தொலைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள் அல்லது இதற்கு வகுப்பே மேல் என்று திரும்பச் சேர்த்துவிடுகிறார்கள். பொறுத்திருங்கள். நாள் முழுவதும் பிறர் சொல்லச் சொல்லச் செய்து பழகிய பிள்ளைக்குத் தானாக ஒன்றைத் தொடங்கத் தெரியாது, அதற்குச் சில வாரம் பிடிக்கும். காலி அட்டைப்பெட்டிகள், பழைய சேலை, கயிறு, சாக்குக்கட்டி, கத்தரிக்கோல், பசை ஆகியவற்றை ஒரு மூலையில் போட்டு வைத்துவிட்டு, “இருபது நிமிஷம் கழிச்சு வந்து சொல்லு” என்று உங்கள் வேலையைப் பாருங்கள். பெரும்பாலும் திரும்பி வராது. சேலை நாற்காலிகளுக்கு மேல் கூடாரமாகியிருக்கும்.

நிறுத்துவது எப்படி

பிள்ளை களைத்திருக்கிறது என்பதை அது சொல்லாது, காட்டும். குறிப்பிட்ட ஒரு கிழமையில் மட்டும் வயிற்று வலி, காரில் ஏறியதும் உறக்கம், முன்பு விரும்பிய பொருளைக் கையால் தொடாமை, தம்பி தங்கையிடம் காரணமற்ற எரிச்சல், மீண்டும் படுக்கையை நனைத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். “டீச்சர் நல்லவங்கதான்மா, ஆனா புதன்கிழமை வந்தாலே பயமா இருக்கு” என்று பிள்ளை சொன்னால் அது சோம்பல் அன்று. ஆசிரியர் அடிக்கிறாரா, பிற மாணவர்கள் கேலி செய்கிறார்களா என்பதை மெதுவாக, காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் பதில் வராது. துன்புறுத்தல் என்று தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

வெறும் சலிப்பு என்றால் கதை வேறு. எந்தக் கலைக்கும் தொடக்கத்தில் ஒரு வறண்ட காலம் உண்டு. பரதத்தில் அரைமண்டியில் அமர்ந்து, தட்டடவு என்னும் முதல் அடவையே மூன்று காலத்திலும் (வேகத்திலும்) மாதக்கணக்கில் ஆட வேண்டும். பாட்டு வகுப்பில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்னும் ஸ்வரப் பயிற்சிகள் முடியும்வரை பாட்டு என்று எதுவும் வராது. அந்தக் கட்டத்தில் பிள்ளை சலித்துக்கொள்வது இயல்பு. ஆகவே சேரும்போதே ஓராண்டுக்குப் பின் நாம் உட்கார்ந்து பேசித் தீர்மானிப்போம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். விஜயதசமியன்று சேர்த்த பிள்ளைக்கு அடுத்த விஜயதசமிதான் அந்த நாள். அழுத நாளன்றும், போட்டியில் தோற்ற நாளன்றும் முடிவெடுக்கக் கூடாது. வகுப்பில்லாத நேரத்தில் பிள்ளை அதை முணுமுணுக்கிறதா, கால் தானாகத் தாளம் போடுகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கிழமையை மாற்றி, நேரத்தைக் குறைத்து, வகுப்பைக் காப்பாற்றலாம். ஓராண்டு கழிந்தும் அது இல்லையென்றால் விட்டுவிடலாம்.

விடும்போது மரியாதையோடு விடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிட்டு மறைந்துபோவது கற்றுக்கொடுத்தவருக்குச் செய்யும் அவமரியாதை. ஆண்டுவிழாவுக்காக ஒத்திகை நடந்துகொண்டிருந்தால் விழா முடியும்வரை இருங்கள், மற்றப் பிள்ளைகளின் வரிசை கலைந்துவிடக் கூடாது. பிறகு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு காணிக்கை வைத்து, ஆசீர்வாதம் வாங்கி விடைபெறுங்கள். பல ஆசிரியர்கள் பெருந்தன்மையோடு, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று வாழ்த்தி அனுப்புவார்கள். பாதியில் விட்டவன் என்ற சொல்லை அதன்பிறகு வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. கட்டிய கட்டணத்தைச் சொல்லிக்காட்டவும் கூடாது. இதைத் தாத்தா பாட்டியிடம் பெற்றோர்தான் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறு வகுப்புக்குப் போகிறதே என்று கேட்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அம்மாவோ அப்பாவோ, பிள்ளை அன்று.

பள்ளி விடுமுறைக்கும் இதே கணக்குப் பொருந்தும். கோடிங் முகாம், பேச்சுப் பயிற்சி முகாம் என்று அறிவிப்புகள் வந்து குவியும். விடுமுறையில் பாதிக்குக் குறையாத நாள்களை முதலில் மூடி வைத்துவிட்டு, மீதியில் ஒரு முகாமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஈப்போவிலோ சுங்கைப்பட்டாணியிலோ பாட்டி வீடு இருந்தால், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளோடு ஒரு வாரம் அங்கே விட்டுவாருங்கள்.

பிள்ளை முதலாம் படிவத்துக்குப் போகும்போது பள்ளி நேரமும் பாடமும் மாறும். உறக்கத் தேவையும் 8 முதல் 10 மணி நேரமாகக் குறையும். 13 வயதில் அட்டவணைத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கட்டங்களை அதுவே நிரப்பட்டும். உறங்கும் நேரத்தையும், இரவில் யார் அழைத்து வருவது என்பதையும் பெற்றோர் தீர்மானிக்கலாம். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்போது வகுப்புகள் கூடத்தான் செய்யும்; அப்போதும் ஐந்தரை மணிப் பந்தாட்டத்தை வாரத்தில் எந்தெந்த நாள் வைத்துக்கொள்வது என்பதை அதுவே முதலில் எழுதட்டும்.